தன் முகம் செதுக்காத உளி

சிரிப்பைக் கண்டு அஞ்சாத ஆதிக்கம் உலகில் உண்டோ? வாளுக்குக் கேடயம் உண்டு. வழக்குக்கு வக்கீல் உண்டு. தலையங்கத்துக்கு மறுப்பறிக்கை உண்டு. கேலிப் படத்துக்கு என்ன உண்டு? கண்டவன் சிரித்துவிட்டான் என்றால் சிரித்ததுதான். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பறித்துக்கொள்ளும் சட்டத்தை எந்த மன்னனும் இயற்றியதில்லை, எந்த மன்றமும் நிறைவேற்றியதில்லை. ஆகவேதான் படத்தைக் கொளுத்துகிறார்கள். படம் வரைந்தவனைப் பிடித்துப் பூட்டுகிறார்கள்.

பழங்கதை பேசுகிறோம் என்று எண்ண வேண்டா. 2017-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் கணவனும் மனைவியும் இரு குழந்தைகளுமாக ஒரு குடும்பமே தீயில் வெந்தது. அடுத்த திங்கள் கைதானவர்களுள் ஒருவர் யார்? அந்தக் கொடுமையைக் கருத்துப்படமாக வரைந்த ஓவியர்! தீயை அணைக்க வராத கை, தூரிகையைப் பிடுங்க வந்தது. ஓவியம் என்பது கூடத்துச் சுவரில் மாட்டும் அழகுப் பொருள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள், இந்த ஒரு செய்தியைச் சற்றே நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

சென்ற திங்கள், கள்ளக்குறிச்சித் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். திண்ணையில் விரித்துக் கிடந்தவை படங்களின் பிரதிகள். எதிர்வரிசையிலே மரச்சிற்பப் பட்டறை. கொட்டாப்புளியின் ஓசை நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கல்லூரியில் பயிலும் இளைஞர் இருவரும் இருந்தனர். படங்கள் மூவருடையவை: வங்கத்துக் ககனேந்திரநாத் தாகூர், வங்கத்தில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த சித்தப்பிரசாத், சீனத்து யுவே மின்சுன். மூவரும் நையாண்டி செய்தவர்கள். மூவரும் ஒரே படத்தைப் பலர் கைக்குச் சேர்க்கும் அச்சுக் கலையைக் கையாண்டவர்கள். ஆனால் நகையாடும்போது 'நான் எங்கே நிற்கிறேன்?' என்ற வினாவுக்கு மூவரும் மூன்று விதமாக விடை அளித்தவர்கள். அந்த வினாதான் அன்றைய மாலையை விழுங்கியது.

ககனேந்திரநாத் 1867-இல் பிறந்தவர், இரவீந்திரநாதரின் அண்ணன் முறையார் ஒருவரின் மகன், 1938-இல் மறைந்தார். நீர்வண்ண ஓவியத்தில் கைதேர்ந்தவர். அத்தகையவர், ஐம்பது வயதை எட்டும் பருவத்தில், கல்லச்சுப் பொறியைத் தம் வீட்டிலேயே அமைத்துக்கொண்டார். ஏன்? வண்ண ஓவியம் ஒரு வீட்டில் தொங்கும், ஒருவன் வாங்குவான், அவனுடைய விருந்தாளி பார்ப்பான். கல்லில் நெய்ப்பசை மிக்க கோலால் வரைந்து, நீர் தெளித்து, மை உருட்டித் தாளை அழுத்தினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும்; ஒரே கல்லிலிருந்து நூறு தாள் எடுக்கலாம். நையாண்டிக்கு ஊர்வலம் தேவை. அதை அவர் உணர்ந்தார். 1917-இல் இரண்டு தொகுப்புகள், 1921-இல் ஒன்று என மூன்று நையாண்டித் தொகுப்புகள் வெளிவந்தன: 'விரூப வஜ்ர', 'அத்புத லோக்', 'நவ ஹுல்லோட்'.

அவற்றுள் ஒரு படத்தின்முன் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். 'ஜாதாசுர்' என்பது அதன் பெயர். வங்க மொழியில் திரிகைக் கல்லைக் குறிக்கும் சொல்லும் சாதியைக் குறிக்கும் சொல்லும் ஓசையால் உறவுடையவை. அசுரனையும் சேர்த்து ஒரே சொல்லாக முடிச்சுப் போட்டார் ஓவியர். படம் என்ன சொல்லுகிறது? சாதி ஒரு திரிகை. கல்லின்கீழே மனிதர் அரைபடுகின்றனர். கல்லின்மேலே வைதிகம் வசதியாக வீற்றிருக்கிறது. அவ்வளவுதான்! ஆயிரம் பக்கத்தில் எழுத வேண்டியதைத் திரிகை ஒன்றில் அடக்கிவிட்டார். தானியம் அரைபடும்போது திரிகை வருந்துவதுண்டா? மேலே அமர்ந்திருப்பவர், 'கல்லைச் சுற்றுவது நானல்ல, அது காலத்தால் சுற்றுகிறது' என்பார். கீழே கிடப்பவன், 'என் தலைவிதி' என்பான். இரண்டு பொய்களும் சேர்ந்து கல்லைச் சுற்றுகின்றன. கறுப்பை அவர் அள்ளிக் கொட்டியிருக்கும் துணிவைச் சொல்ல வேண்டும். மென்மையான மூடுபனி ஓவியங்களால் பெயர் பெற்ற கை, இங்கே தார் பூசியதுபோல் கறுப்பைப் பூசியிருக்கிறது.

இன்னொரு படத்திலே ஓர் அந்தணரின் 'அழியாப் புனிதம்' நகையாடப்படுகிறது. சாத்திரம் விலக்கிய இன்பங்கள் யாவும் அவரைச் சூழ்ந்திருக்கின்றன. புனிதமோ ஒரு துளியும் குறையவில்லை. ஏழை ஒருவனின் நிழல் பட்டால் கெடும் புனிதம், இத்தனைக்கும் கெடாதாம்! வேறொன்றில் பல்கலைக் கழகம் மாணவரை அரைத்துத் தள்ளும் எந்திரமாகிவிட்டது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது 1919-இல். 1921-ஆம் ஆண்டுத் தொகுப்பிலே 'பஞ்சாபில் அமைதி அறிவிப்பு' என்று ஒரு படம். தலைப்பே போதும். வெள்ளையரைப் போல் உடுத்தித் திரிந்த வங்கக் கனவான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இடையில் ஒரு சொல். இந்தக் கலையில் தமிழர் வங்கத்தின் மாணவரல்லர். 1906-இல் தொடங்கிய 'இந்தியா' ஏட்டிலே பாரதியார் கருத்துப்படங்களை அச்சிட்டுத் தமிழ் ஏட்டுலகில் அந்த வழக்கத்துக்கு வித்திட்டார். ககனேந்திரநாத்தின் தொகுப்புகளுக்குப் பதினோராண்டு முன்பே! ஆனால் வரைந்த ஓவியரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்கு வாய் திறக்கும்? எழுதியவன் பெயர் கல்வெட்டிலும், வரைந்தவன் பெயர் காற்றிலும் நிற்பது நம் நாட்டு வழக்கம். இதைப் பின்னால் மீண்டும் தொடுவோம்.

பாராட்டு முடிந்தது, இனிக் குறை. திண்ணையிலிருந்த மலைநாட்டு இளைஞர் ஒருவர் கேட்டார்: "ஐயா, திரிகைக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் முகம் ஓவியருடைய முகமா?" சிறு கேள்வி. நாம் மீண்டும் ஒருமுறை பிரதிகளைப் புரட்டினோம். எங்கள் முன் இருந்த எந்தப் படத்திலும் ககனேந்திரநாத் இல்லை. அவருடைய குடும்பம் நிலக்கிழார் குடும்பம். குடியானவர் செலுத்திய வாரத்தில் எழுந்த மாளிகையில்தான் அந்தக் கல்லச்சுப் பொறியும் நின்றது. திரிகையின் ஒரு பிடி அந்த வீட்டுக்குள்ளும் இருந்தது அன்றோ? நேர்மைக்காக மறுபக்கமும் சொல்ல வேண்டும்: தாகூர் குடும்பத்தார் 'பிராலி' என்று வைதிகப் பார்ப்பனரால் தாழ்த்தி ஒதுக்கப்பட்டவர்கள். சாதித் திரிகை அவர்களையும் சற்றே உரசியிருந்தது. அந்த உரசலின் எரிச்சல்தான் கறுப்பாகக் கொட்டியது போலும். ஆயினும், தன்னை விட்டுவிட்டுப் பிறரை நகையாடும் நையாண்டிக்கு ஒரு வலிவின்மை உண்டு. பார்ப்பவன் சிரித்துவிட்டு, 'நல்ல வேளை, இது அடுத்த வீட்டுக்காரன்' என்று தாளை மடித்து வைத்துவிடுகிறான்.

இனிச் சீனத்துக்குச் செல்வோம். யுவே மின்சுன் 1962-இல் பிறந்தவர். எண்ணெய் வயலில் உழைத்த குடும்பம். 1989-ஆம் ஆண்டுத் தியானன்மென் சதுக்கக் குருதி காய்ந்த பிறகு பெய்ஜிங்கின் ஓரத்தில் குடியேறிய இளம் ஓவியர் கூட்டத்தில் ஒருவர். அவர் வரைவது ஒரே முகம். தம் முகம்! கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து, வரிசைப் பல் அனைத்தும் தெரியச் சிரிக்கும் முகம். பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் அதே முகம்; சுடப்படுபவனுக்கும் அதே முகம், சுடுவதுபோல் கை நீட்டுபவனுக்கும் அதே முகம். வண்ண ஓவியமாக, கல்லச்சாக, திரையச்சாக, வெண்கலச் சிலையாக அந்தச் சிரிப்பு பெருகிக்கொண்டே போயிற்று.

திண்ணையில் இங்கே கருத்து இரண்டாகப் பிரிந்தது. "அழ உரிமை இல்லாத நாட்டில் சிரிப்பு ஒன்றுதான் மிச்சம், கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பவன் எதையோ காண மறுக்கிறான் என்பதுதான் படத்தின் பொருள்," என்றார் ஒருவர். "பணக்காரர் வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற சிரிப்பு," என்றார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதலில் வந்த சிரிப்பு முகமூடி. பின்னர் வந்த சிரிப்பு வணிகக் குறி. 1995-இல் அவர் தீட்டிய 'மரண தண்டனை' ஓவியம், 2007-இல் இலண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 59 இலட்சம் டாலருக்குப் போயிற்று. தோட்டாவின்முன் நிற்பவனின் சிரிப்புக்கு அப்படியொரு விலை! ஆனால் அவசரப்பட்டுப் புறந்தள்ளவும் கூடாது. 2023-இல், படைவீரர்களை இழிவுபடுத்துகிறார் என்று அவருடைய பழைய படங்களைத் தோண்டி எடுத்துச் சீனத்து நாட்டுப்பற்றாளர் சிலர் கூக்குரலிட்டனர். ஆக, அந்தச் சிரிப்பின் பல் முழுவதும் உதிர்ந்துவிடவில்லை.

இருந்தும் நம் தீர்ப்பு இதுவே: ககனேந்திரநாத்தின் படத்தில் குறி இருக்கிறது, தான் இல்லை. யுவேயின் படத்தில் தான் மட்டுமே இருக்கிறான், குறி மங்கிவிட்டது. எல்லாரும் நானே என்று சொல்லிவிட்டால், திரிகையின் மேலிருப்பவனும் கீழிருப்பவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். அரைபடுபவனுக்கு அது ஆறுதலாகாது.

சீனத்துக்கு வேறொரு மரபும் உண்டு. அதை மறந்து அந்நாட்டுக் கலையைப் பேசலாகாது. 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சாங்காய் நகரில், எழுத்தாளர் லூசுன் இளைஞர் சிலரைக் கூட்டி மரச்செதுக்கு வகுப்பு ஒன்று நடத்தினார். ஆறே நாள்! கற்பித்தவர் ஒரு சப்பானியர், லூசுன் மொழிபெயர்த்தார். செருமானிய ஓவியர் கேத்தே கோல்விட்சின் அச்சுப் படங்களை அவர் சீனத்துக்கு அறிமுகம் செய்தார். 1936-இல் தொகுத்தும் வெளியிட்டார். அந்தக் கோல்விட்சு அம்மையார் பிறந்ததும் ககனேந்திரநாத் பிறந்த அதே 1867-இல்தான். நெசவாளரின் கிளர்ச்சியைச் செதுக்கிய கை, முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த கை, தன் முகத்தையும் ஏறத்தாழ நூறு முறை வரைந்தது. இளமை, நடுவயது, முதுமை என்று ஒரு சுருக்கத்தையும் மறைக்கவில்லை. நெசவாளரின் துயரைச் சொல்லும் கண் எப்படிப்பட்ட கண் என்று பார்ப்பவனுக்குக் காட்டிவிட்ட நேர்மை அது.

அந்த மரபின் ஒரு கிளை இந்தியாவில் தழைத்தது. 1915-இல் நைஹாட்டியில் பிறந்த சித்தப்பிரசாத்தை நாம் அந்தக் கிளையில்தான் வைக்கிறோம். பெயருக்குப் பின்னால் பட்டாச்சார்யா என்ற சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதிக் கொடுமையை எதிர்த்து அதை அறுத்தெறிந்தார், வாழ்நாள் முழுதும் சித்தப்பிரசாத் என்றே நின்றார். தமிழகத்தில் இச்செயலைப் பாடமாகவே படித்தவர்கள் நாம். வங்கத்தில் தனியொருவராக அதைச் செய்தவரை வாழ்த்தாமல் எப்படி இருப்பது? 'நான் எங்கே நிற்கிறேன்?' என்ற வினாவுக்கு அவர் முதலில் பெயரிலேயே விடை எழுதிவிட்டார். பிறகுதான் தூரிகையைத் தொட்டார் எனலாம்.

1943-இல் வங்கப் பஞ்சம். இலட்சக்கணக்கில் மாண்டனர், முப்பது இலட்சம் வரை கணக்கிடுவோர் உண்டு. அந்த நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டத்தைச் சுற்றி வந்தார் சித்தப்பிரசாத். கண்டதைக் கறுப்பு மையில் வரைந்தார், எழுதினார். 'பசித்த வங்கம்' என்று பொருள்படும் பெயரில் சிறு நூல் வந்தது. ஐயாயிரம் பிரதிகளைப் பிரிட்டிசு அரசு பறித்து அழித்தது. பிணங்களைத் தெருவில் கிடத்திய அரசுக்குப் பிணங்களின் படம் பொறுக்கவில்லை! குடும்பத்தார் காத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் 2011-இல் அந்நூல் மறுபிறப்பு எடுத்தது.

பொதுவுடைமைக் கட்சி ஏடுகளுக்கு அவர் வரைந்த கேலிப் படங்களில் குறி தெளிவாக இருக்கும்: பதுக்கல்காரன், ஏகாதிபத்தியன், பிளவு மூட்டுபவன். உள்ளதைச் சொன்னால், அவற்றுள் சில காலத்தோடு கரைந்துவிட்டன. கட்சி ஏட்டின் அவசரம் கோட்டில் தெரிகிறது. பருத்த வயிறும் சுருட்டும் வரைந்தால் முதலாளி ஆகிவிடுவான் என்ற சோம்பல் அங்கும் இங்கும் எட்டிப் பார்க்கிறது. 1940-களின் இறுதியில் கட்சியைவிட்டு விலகி, அந்தேரியில் ஓர் எளிய வீட்டில் தனியே வாழ்ந்த காலத்து லினோச் செதுக்குகள்தாம் அவருடைய உச்சம். கூலி வேலை செய்யும் குழந்தைகளைத் தொடராகச் செதுக்கினார். வெள்ளைக் கோடுகள் கறுப்பைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. தன்னுருவத்தையும் செதுக்கியிருக்கிறார். அதில் வீரமுமில்லை, சிரிப்புமில்லை. பிறர் பசியை வரைந்தவன் தன் பசியையும் அறிந்தவன் என்பது தெரிகிறது, அவ்வளவே. 1978-இல் மறைந்தார்.

இந்த இடத்தில்தான் எதிர்ப் பட்டறையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். தேநீர் வேளை. மரத்தூள் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு சித்தப்பிரசாத்தின் படத்தை எடுத்துப் பார்த்தார். நாம் படத்தைப் பார்த்தோம். அவர் வெட்டைப் பார்த்தார். "இது மரத்தில வெட்டினது இல்ல தம்பி. மரமாயிருந்தா இந்த வளைவில நார் பிசிறியிருக்கும்," என்றார். ஒரு மாலை முழுவதும் நாம் பேசிய பேச்சில் வராத ஒன்றை ஒரு நொடியில் சொல்லிவிட்டார். லினோவுக்கு நாரில்லை என்பது நமக்கும் தெரியும். கண்ணால் கண்டுபிடிக்கத் தெரியாது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் சிற்ப மரபிலே வந்த கை. தேர்ச் சிற்பம், தெய்வ உரு, கதவு, தூண் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய உளி. உலகமே குறியீடு கொடுத்துப் போற்றும் அந்த உளியிடம் நம் ஐயத்தைக் கேட்டோம்: "ஐயா, உங்கள் முகத்தை ஒருமுறையாவது செதுக்கியதுண்டா?"

பெரியவர் சிரித்தார். "என் முகத்தை யாரு தம்பி வாங்குவாங்க? சாமிக்கு நூல்ல அளவு இருக்குது. தலை இத்தனை, கை இத்தனைன்னு தாளக் கணக்கு இருக்குது. எனக்கு எந்த நூல்ல அளவு இருக்குது?"

தோழர்களே, அழகியல் பற்றி எத்தனையோ நூல்களைப் புரட்டியிருக்கிறோம். இப்படியொரு திறனாய்வை நாம் படித்ததில்லை. கடவுளுக்கு அளவு கண்ட நூல், கடவுளைச் செதுக்குபவனுக்கு அளவு காணவில்லை. நன்கொடை தந்த மன்னன் தூணிலே கைகூப்பி நிற்கிறான். தூணைச் செதுக்கியவன் எங்கே? தேரின் அடிப்பலகைகளில் சிற்பிகள் குறும்பும் கேலியும் காமமும் செதுக்கியிருக்கிறார்கள். பத்தர்கள் கண்ணை மேலே வைத்துக் கும்பிடும்போது, உளி கீழே சிரித்திருக்கிறது. நையாண்டி அந்தக் கைக்குப் புதிதன்று. தன் முகம்தான் புதிது.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலை மக்களின் முகங்களை யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள்? எட்கர் தர்சுடன் 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் இடம்பெற்றனர். மனிதரின் மூக்கையும் தலையையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அங்கும் அளவுதான்! சிற்பிக்கு அளவு இல்லை என்ற குறை. மலைவாழ் மனிதனுக்கோ அளவைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற குறை. பிறகு ஏடுகளில் வரும் படம்: சாராய ஊறல் பேரல்கள் வரிசையாக, காவலர் விறைப்பாக. அடுத்துச் சுற்றுலா விளம்பரம்: அருவியும் பசுமையும் மிளிரும், மனிதன் இல்லை. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. இம்மலையூர்கள் ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசின் ஆளுகைக்கு வந்தது 1976-இல்! இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு மரச்செதுக்காவது உண்டா? கூலியின்றி ஜாகிர்தார் நிலத்தை உழுத பாட்டனின் முகத்தைப் பேரன் வரைந்ததுண்டா? "தாத்தாவின் நிழற்படம்கூட எங்கள் வீட்டில் இல்லை," என்றார் திண்ணையில் இருந்த இளைஞர்.

2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழகத்தார் 20 பேரை ஆந்திரக் காவற்படை சுட்டுக் கொன்றது. அவருள் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். மரத்தைச் செதுக்கும் கைக்குக் குறியீடு, மரத்தை வெட்டக் கூலிக்குப் போன கைக்குக் குண்டு. இரண்டும் ஒரே வட்டாரத்து வறுமையின் இரண்டு கைகள்.

2024 சூன் திங்களையும் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலி உழைப்பாளிகள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து இலட்சம் உருபா என்று அரசு அறிவித்தது. அதன் பின்னர்தான் கல்வராயன் மலையின் நிலை என்னவென்று சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கேட்டது. இத்தனை பேர் மாண்ட பிறகு ஒரு கேள்வி!

இந்தச் சாவுகளைப் பற்றி ககனேந்திரநாத் இருந்திருந்தால் ஒரு திரிகையை வரைந்திருப்பார்: மேலே விற்றவனும் கண்மூடியவனும், கீழே குடித்தவனும். நன்றாகவே இருந்திருக்கும். நாமும் கைதட்டியிருப்போம். ஆனால் மலைநாட்டு இளைஞரின் கேள்வி இங்கே நம்மை விடாது துரத்துகிறது: திரிகையில் நம் முகம் எங்கே?

நம் ஊர்களில் இரங்கல் பதாகை கட்டும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். இறந்தவன் முகம் கடவுச்சீட்டு அளவு; இரங்குகிறவர் முகம் ஆளுயரம்! அதற்குக் கீழே இரங்குகிறவருக்கு இரங்குகிறவர்களின் முகங்கள், வட்டம் வட்டமாக. தன்னுருவம் வரையத் தமிழனுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? தெருவுக்குத் தெரு தன்னுருவம்தான்! அதைக் கட்டுபவர் வைதிகரல்லர், பழமைவாதியல்லர். நாம்தாம். பகுத்தறிவு பேசி, மேடை ஏறி, மனிதனை மனிதன் வணங்கலாகாது என்று முழங்கிவிட்டு, இறங்கி வந்து கயிறு கட்டுகிறோமே, அந்த நாம்! வைதிகத்தின் திரிகையை நகையாட நமக்கு முழு உரிமை உண்டு. இந்தப் பதாகையை நகையாடும் துணிவு உண்டா? யாராவது ஒருவர் அதை மரத்தில் செதுக்கட்டும். பதாகையில் ஆளுயரச் சிரிப்பு. மூலையிலே விரல் நுனியளவு பிணம். கயிறு கட்டும் கை, செதுக்குபவனின் கை. யுவேயின் சிரிப்புக்குக் கிட்டாத குறி அங்கே கிட்டும். ககனேந்திரநாத்தின் கல்லில் இல்லாத முகமும் கிட்டும். அத்தகைய படம் இவ்வேட்டுக்கு வந்தால் வெளியிடுவோமா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். விடை சொல்லச் சற்று நேரம் பிடித்தது. வெளியிடுவோம்.

மரச்செதுக்குக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பலகை ஒன்று; இரண்டு மூன்று உளி; மை; தாள். வெண்மையாக விட வேண்டிய இடத்தை வெட்டி எறிந்து, கறுப்பாக வர வேண்டியதை நிற்க விட வேண்டும். மை உருட்டித் தாளைப் பரப்பி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் அச்சு ஆயிற்று. பொறி தேவையில்லை; மின்சாரம் தேவையில்லை. மலையூர்ப் பள்ளிக்கூடத்து நடையில் வைத்துச் செய்யலாம்.

தோழர் ஒருவர் அன்றே முயன்றார். பட்டறையில் கழித்துப் போட்ட பலகைத் துண்டில் 'கருணாபுரம்' என்று எழுத்தை வெட்டினார். தேய்த்து எடுத்தபோது எழுத்து இடவலம் மாறித் தலைகிறுகிறுக்க நின்றது. திண்ணை முழுவதும் சிரித்தது. பெரியவர் மட்டும் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்து, "மாத்தி எழுதணும் தம்பி, கண்ணாடியில பாக்கறாப்போல," என்றார். பிறகு சற்று நேரம் பலகையையே பார்த்திருந்தார். "கண்ணாடி வெச்சுத்தான் முகமும் வெட்டணும் போல," என்றார்.

அடுத்த ஞாயிறு வாகைப் பலகை இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். மையும் தாளும் நம் பொறுப்பு. மலைநாட்டு இளைஞர் இருவரும், தாத்தாவைக் கண்ட கிழவர் எவரேனும் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்து வருவதாகச் சொல்லிப் பேருந்து ஏறினர்.